ஞாயிற்றுக்கிழமை சிசிலி

ஹட்டன் கடைத்தெருவில் வெறுமனே சிசிலி என்று கேட்டால் எந்தச் சிசிலி என்பார்கள். ‘ஞாயித்துக்கெழம சிசிலி’ என்றால் உடனே கை காட்டுவார்கள். கேலிக்கு வைத்த பெயர்தான். கொஞ்ச காலம் போனதும் வைத்தவர்களே அதை மரியாதையோடு சொல்ல ஆரம்பித்தார்கள்.

லிந்துலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த மரியரட்ணத்தின் மூத்த மகள் அவள். நாற்பத்தெட்டில் இலங்கை அரசாங்கம் சட்டம் போட்டுத் தோட்டத்து ஆட்களை நாடில்லாதவர்களாக்கியபோது, மரியரட்ணம் மற்றவர்களைப் போல மனம் சலித்து உட்கார்ந்துவிடவில்லை. மனுப் போட்டார். விசாரணைக்கு விசாரணை அலைந்தார். பிறந்த அத்தாட்சி எங்கே, இத்தனை வருஷம் இங்கேதான் இருந்ததற்குச் சாட்சி எங்கே என்று கேட்டவர்களுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லி, குடும்பத்துக்குப் பிரஜாவுரிமை வாங்கிவிட்டார். அந்தத் தோட்டத்தில் அது கிடைத்தது விரல்விட்டு எண்ணக்கூடிய வீடுகளுக்குத்தான். கேட்க வேண்டியதைக் கேட்கவேண்டிய இடத்தில் கேட்பது என்பது சிசிலிக்கு அப்பாவிடமிருந்து வந்த குணம்.

பாடசாலை முடிந்ததும் சிஸ்டர்மாரிடம் கம்பளி பின்னப் படித்தாள். அந்தக் கைவேலையை நம்பி ஹட்டனுக்கு வந்து, சித்தி தெரேசா வீட்டில் தங்கி, ஹமீத் முதலாளியின் ஜவுளிக்கடையில் சேர்ந்தாள். முன்பக்கம் துணி வியாபாரம். பின்பக்கம் ஒரு நீள அறை. அங்கே பத்திநாதன் கோட்டும் காற்சட்டையும் வெட்டித் தைப்பார். மூக்கன் இஸ்திரி போட்டுக் கட்டி வைப்பான். ஹமீத் கொழும்பிலிருந்து ஒரு பின்னல் மெஷினும் இறக்கியிருந்தார். சிசிலிக்கு அந்த மெஷின்தான் வேலை. கைப்பிடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுக்க இழுக்க, கீழே சுவெட்டர் துணி வளர்ந்துகொண்டே போகும். மலை நாட்டில் குளிருக்குக் குறைவில்லை, விற்பனைக்கும் குறைவில்லை.

ஹமீத் கெட்ட மனிதர் இல்லை. பெருநாளுக்கு எல்லோருக்கும் சாப்பாடு வரும். சுகமில்லை என்றால் மருந்து வாங்கிக் கொடுப்பார். ஆனால் வேலை என்று வந்துவிட்டால் அவருக்கு நாள் கிழமை கிடையாது. ஞாயிற்றுக்கிழமை முன்கதவைச் சாத்திவிட்டுப் பின்கதவைத் திறந்து வைப்பார்.

“இந்த ஒரு ஞாயிறு மட்டும் வந்துரு புள்ள. ஓடர் நெறைய கெடக்கு” என்பார்.

அந்த ஒரு ஞாயிறு வருஷம் முழுவதும் வந்துகொண்டிருந்தது. மாதா கோயில் மணி அடிக்கும்போது சிசிலி மெஷினில் உட்கார்ந்திருப்பாள். பூசைக்குப் போகிறவர்களின் செருப்புச் சத்தம் ஜன்னலுக்கு வெளியே கேட்கும்.

ஐம்பத்து நாலில் கடைகளிலும் கந்தோர் என்னும் அலுவலகங்களிலும் வேலை செய்பவர்களுக்கென்று ஒரு சட்டம் வந்தது. வாரத்தில் ஒன்றரை நாள் லீவு, வேலைக்கு மணிக்கணக்கு, வருஷ லீவு எல்லாம் அதில் இருந்தன. கொழும்பில் போட்ட சட்டம் ஹட்டன் மலை ஏறி வர மூச்சு வாங்கியதோ என்னவோ, சில வருஷம் அதன் முகத்தையே யாரும் பார்க்கவில்லை. பிறகு ஒரு நாள் தொழிலாளர் விவகாரம் பார்க்கும் தொழிற்கந்தோரிலிருந்து ஓர் உத்தியோகத்தர் பஸ்ஸில் வந்து இறங்கி, கடை கடையாக ஏறத் தொடங்கினார்.

அவர் வருவது தெரிந்ததும் ஹமீத் பின்னறைக்கு வந்து, “கேட்டா, ஞாயித்துக்கெழம லீவுன்னு சொல்லிருங்க. ஒரு வார்த்தைதானே” என்றார்.

உத்தியோகத்தர் வந்தார். பத்திநாதனைக் கேட்டார். பத்திநாதன் துணியைப் பார்த்துக்கொண்டு, “லீவுதாங்க” என்றார். மூக்கனும் அதையே சொன்னான். சிசிலியிடம் வந்தபோது அவள் மெஷினை நிறுத்தினாள்.

“இல்லீங்க சேர். ஞாயித்துக்கெழமயும் வேலதான். பின்கதவால வருவோம்.”

இஸ்திரிப் பெட்டிக்கு அடியில் துணி கருகும் வாசம்தான் முதலில் வந்தது. மூக்கன் அவசரமாகப் பெட்டியைத் தூக்கினான்.

உத்தியோகத்தர் போனபின் ஹமீத் அவளைக் கூப்பிட்டார். கோபத்தில் அவருக்குக் குரல் ஏறாது, இறங்கிவிடும்.

“ஒன் வேல சரியில்ல. நாளையிலேந்து வர வேணாம்.”

“வேலையில என்ன சரியில்ல மொதலாளி?”

“சரியில்லன்னா சரியில்ல.”

சித்தி தெரேசா தலையில் கை வைத்துக்கொண்டாள். “ஒனக்கு எதுக்குடி ஊர் வம்பு? போய் ஒரு வார்த்த மன்னிப்புக் கேளு. அவரு எரக்கமான மனுசன், சேத்துக்குவாரு.”

“நான் பொய் சொல்லியிருந்தா மன்னிப்புக் கேக்கலாம் சித்தி. உண்மையச் சொன்னதுக்கு எப்படிக் கேக்கிறது?”

அடுத்த நாள் காலையிலேயே தொழிற்கந்தோருக்குப் போனாள். அப்போதுதான் தொழில் நியாயசபை என்று ஒன்று வந்திருந்தது. அதுவரை வேலையை விட்டு நிறுத்தினால் சங்கம் பின்னால் இருந்தால்தான் பேச முடியும். இப்போது தனி ஆளாகவே போய் நியாயம் கேட்கலாம் என்று கந்தோரில் சொன்னார்கள். “அப்ப நான் தனி ஆளாவே கேக்கிறேன்” என்று சிசிலி மனுக் கொடுத்துவிட்டு வந்தாள். விசாரணைக்கு நாள் வரும் வரை வீட்டில் சும்மா இருக்கவில்லை. கையால் குல்லாவும் பிள்ளைச் சட்டையும் பின்னி, பக்கத்துத் தோட்டங்களில் பிள்ளை பெற்ற வீடுகளுக்கு விற்றாள். கடைத்தெருவில் ‘ஞாயித்துக்கெழம சிசிலி’ என்ற பெயர் அந்த மாதங்களில்தான் விழுந்தது. டீக்கடை வாசலில் யாராவது, “என்ன சிசிலி, இன்னைக்கு ஞாயித்துக்கெழமயா?” என்பார்கள். “எனக்குத்தான் இப்ப ஏழு நாளும் ஞாயித்துக்கெழம ஆச்சே” என்று சிரித்துக்கொண்டே போய்விடுவாள்.

விசாரணை கண்டியில் நடந்தது. ஹமீத் வக்கீலாக ஒரு புரொக்டரோடு வந்திருந்தார். சிசிலியோடு சித்தி மட்டும். புரொக்டர் எழுந்து, இந்தப் பெண் வேலையைக் கெடுத்தாள், நூலை வீணாக்கினாள், பலமுறை எச்சரித்தும் கேட்கவில்லை என்று நீட்டி முழக்கினார். சிசிலி தன் முறை வந்ததும் நடந்ததைச் சொன்னாள். அதற்குமேல் அவளிடம் ஒன்றும் இல்லை. பத்திநாதன் சாட்சிக்கு வரவில்லை. நாலு பிள்ளைக்காரர், அவரை அவள் கூப்பிடவும் இல்லை.

பிறகு ஹமீத் சாட்சிக் கூண்டில் ஏறினார். அல்லாஹ்வின் மேல் ஆணையிட்டு உண்மை சொல்வதாகச் சத்தியம் செய்தார். சபைத் தலைவர் புரொக்டரைப் பேசவிடாமல் தானே நேரடியாகக் கேட்டார்.

“இந்தப் பெண் பின்னிய சுவெட்டரில் பிழை என்று எந்த வாடிக்கையாளராவது திருப்பித் தந்ததுண்டா?”

ஹமீத் தொப்பியைச் சரிசெய்தார். புரொக்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்லீங்க” என்றார் கடைசியில்.

“அப்படியானால் வேலையில் என்ன குறை?”

“வேலையில கொற இல்லீங்க. வாய்தான்.”

சபையில் சிரிப்பு எழுந்தது. தலைவரும் வாயை மூடிக்கொண்டு குனிந்தார். புரொக்டர் காகிதங்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டார். சிசிலிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அந்த ஒரு வார்த்தைப் பொய்யைச் சொல்லியிருந்தால் அவர் ஜெயித்திருப்பார் என்பது அவளுக்குத் தெரியும். கடையில் பொய் சொல்லச் சொன்ன மனிதரால், ஆணையிட்டபின் ஒரு பொய் சொல்ல முடியவில்லை. அன்றைக்கு அவர்மேல் அவளுக்கு ஒரு மதிப்பு வந்தது.

அவளைத் திரும்பவும் வேலைக்கு எடுக்கவேண்டும் என்று தீர்ப்பு வந்தது. சிசிலி போய் அதே மெஷினில் உட்கார்ந்தாள். ஹமீத் வெகு நாள் அவளோடு பேசவில்லை. எதுவானாலும் மூக்கன் வழியாகத்தான் வரும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பின்கதவு பூட்டியே கிடந்தது. பத்திநாதன் பகல் முழுவதும் தூங்கினார். மூக்கன் கினிகத்தேனையில் கட்டிக்கொடுத்த தங்கையைப் பார்க்கப் போய்வந்தான். பக்கத்துக் கடைகளில் வேலை செய்தவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். கேட்கத் தயங்கியவர்கள், “சிசிலி மாதிரி கண்டிக்குப் போயிருவோம் மொதலாளி” என்று விளையாட்டாகச் சொல்லிப் பார்த்தார்கள். அதுவும் வேலை செய்தது.

இப்படி இரண்டு வருஷம் போனது. லீவு நாளில் சிசிலி பூசை முடிந்து டிக்கோயாப் பக்கத்தில் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்களுக்குப் போவாள். அங்கே ராசம்மா என்று ஒருத்தி இருந்தாள். புருஷனோடு வந்து குடியேறியவள். தோட்டத்தில் பேர் பதியவில்லை என்று வேலை கிடைக்காமல் இருந்தாள். அவளைப் போல இன்னும் இரண்டு மூன்று பெண்கள். சிசிலி அவர்களுக்குப் பின்னல் சொல்லிக் கொடுத்தாள். ராசம்மாவின் கை வேகமாகப் படிந்தது. ஆனால் ஊசியால் பின்னி எத்தனை சுவெட்டர் விற்க முடியும்?

அந்த ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்த காலக் கொண்டாட்டத்தில், கைத்தொழில் திணைக்களம் ஒரு சின்னக் கண்காட்சி வைத்திருந்தது. பனையோலை, பாய், மண்பாண்டம் எல்லாவற்றுக்கும் நடுவில், சிறு தொழில் தொடங்குகிறவர்களுக்குத் தவணையில் மெஷின் தருவதாக ஒரு பலகை. சிசிலி அதன் முன் வெகு நேரம் நின்றாள். திங்கட்கிழமை ஹமீத்திடம் லீவு சொல்லிவிட்டு அந்தக் கந்தோருக்கே போனாள்.

கந்தோரில் ஏக்கநாயக்க என்று ஓர் உத்தியோகத்தர். சிங்களத்தில்தான் பேசினார்கள், ஹட்டன் கடைத்தெருவில் வளர்ந்த சிங்களம் சிசிலிக்குத் தடுக்காமல் வந்தது.

“உங்களுக்குப் பிரஜாவுரிமை இருக்கிறது, சரி. மெஷினில் வேலை செய்யப்போகிற பெண்களுக்கு?”

“இல்லை, மாத்தயா.”

“இந்த உதவி பிரஜைகளுக்குத்தான்.”

“கடன் என் பேரில். கட்டப்போவது நான். வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ளக் கூடாது என்று எங்காவது இருக்கிறதா?”

ஏக்கநாயக்க யோசித்தார். “அப்படி இல்லை. ஆனால் ஆள் வைத்தால் நீங்கள் முதலாளி. லீவு, வேலை நேரம், சேமலாப நிதி எல்லாம் பார்க்க வேண்டும். அதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது, தெரியுமா?”

சிசிலிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. “கொஞ்சம் தெரியும், மாத்தயா.”

எல்லாம் சரியாக வந்து, ஒன்று மட்டும் நின்றது. கடனுக்குச் சொத்துள்ள ஒருவர் பிணை நிற்க வேண்டும். மரியரட்ணத்திடம் சொத்து எது? தோட்டத்தை விட்டால் குடியிருக்க வீடுகூட இல்லை. சிசிலி இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் கடை மூடும் நேரம் ஹமீத்தின் முன்னால் போய் நின்றாள்.

“மொதலாளி, நான் வேலைய விட்டு நிக்கிறேன்.”

ஹமீத் நிமிர்ந்து பார்த்தார். “நான் போன்னு சொன்னப்ப போகமாட்டேன்னு சபைக்கு இழுத்தே. இப்ப இருன்னு வச்சிருக்கேன், போறேங்கிற.”

“அப்ப நீங்க அனுப்பினீங்க. இப்ப நானாப் போறேன். அது வேற, இது வேற.” பிறகு விஷயத்தைச் சொன்னாள். பிணை வேண்டும் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டாள்.

ஹமீத் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். உள்ளே இருந்து அவர் மனைவி அசீசா எட்டிப் பார்த்தார்.

“ஹட்டன்ல வேற ஆளே கெடைக்கலியா புள்ள ஒனக்கு?”

“கெடைக்கலாம் மொதலாளி. ஆனா நான் கடனைக் கட்டுவேன்னு என்னோட வேலையப் பாத்துச் சொல்லக்கூடிய ஆள் நீங்க ஒருத்தர்தான். என் வேலையில கொற இல்லன்னு ஆணையிட்டுச் சொன்னவரு நீங்க.”

அசீசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “வாய்தான்னு சொன்னீங்கல்ல, இப்பக் கேளுங்க” என்றார் புருஷனிடம்.

ஹமீத் உடனே சரி என்று சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை தொழுகை முடியட்டும் என்றார். வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆள் அனுப்பினார். கையெழுத்துப் போடும்போது, “பின்னுற சுவெட்டர மொதல்ல எனக்குத்தான் காட்டணும்” என்றார். “வெல ஒத்து வந்தா ஒங்களுக்குத்தான்” என்றாள் சிசிலி.

டிக்கோயா பாதையில் ஒரு தகரக் கூரை அறையை வாடகைக்கு எடுத்தாள். இரண்டு மெஷின் வந்தன. ராசம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் வேலைக்கு வந்தார்கள். சிசிலி தானும் பின்னுவாள், ஓடர் பிடிப்பாள், நூலுக்கு அலைவாள். முதல் வருஷம் திக்கித் திணறி ஓடியது. இரண்டாம் வருஷ மழைக்காலத்துக்கு முன்னால் ஹமீத் ஒரு பெரிய ஓடர் கொடுத்தார். பாடசாலைப் பிள்ளைகளுக்கான நீலச் சுவெட்டர். குறித்த நாளில் கொடுக்காவிட்டால் விற்பனைக் காலம் போய்விடும். ஒரு மெஷின் ஊசி உடைந்து நின்றதில் நாட்கள் வீணாகியிருந்தன.

சனிக்கிழமை மத்தியானம் பெண்கள் கிளம்பும்போது சிசிலி சொன்னாள்: “இந்த ஒரு ஞாயிறு மட்டும் வந்துருங்கடி. சம்பளத்த ரெண்டு மடங்காத் தாறேன்.”

மற்ற இருவரும் தலையாட்டினார்கள். ராசம்மா மட்டும் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டபடியே நின்றாள்.

“நான் வரலக்கா.”

“ஏன்?”

“வாரம் முழுக்க இங்க இருக்கேன். துணி தொவைக்கணும், வெறகு பொறுக்கணும், புள்ள மொகத்தப் பாக்கணும். ரெண்டு மடங்கு காசு குடுத்தா ஞாயித்துக்கெழம ரெண்டாயிருமா?”

சிசிலிக்கு முகம் சிவந்துவிட்டது. யாருக்காக இந்தக் கடன், யாருக்காக இந்த அலைச்சல் என்று வாய்வரை வந்தது. “வேணாம்னா போ” என்று மட்டும் சொல்லிவிட்டு மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தலையாட்டிய இருவரும் வந்தார்கள். சிசிலியும் உட்கார்ந்தாள். பகல் ஏறியபோது இளையவள் ஒருத்தி கைப்பிடியில் கை வைத்தபடியே தூங்கி வழிந்தாள். அவளை அதட்ட வாயெடுத்த சிசிலி அப்படியே நிறுத்திக்கொண்டாள். எழுந்து இருவரையும் பார்த்து, “போங்கடி, வீட்டுக்குப் போங்க. இன்னைக்குச் சம்பளம் உண்டு” என்றாள். அவர்களுக்கு என்ன கோபமோ என்று பயம். “கோவமில்ல, போங்க” என்று குடையையும் கொடுத்து அனுப்பினாள். அவளும் அறையைப் பூட்டிவிட்டு நேரே ஹமீத்தின் வீட்டுக்கு நடந்தாள்.

“குறிச்ச நாளைக்கு முழு ஓடரும் தர முடியாது மொதலாளி. பாதி தாறேன். மீதி அடுத்த வாரம்.”

“ஆள வச்சு வேல வாங்கத் தெரியல ஒனக்கு” என்றார் ஹமீத்.

“ஆள் பத்தாமத்தான் இருக்கு. மூணு பேரு செய்யிற வேலைக்கு அஞ்சு பேரு வேணும். இன்னொரு மெஷினும் வேணும். அதுதான் கொற. ராசம்மா மேல கொற இல்ல.”

ஹமீத் கணக்குப் போட்டுப் பார்த்தார். நீலச் சுவெட்டர் ஒரே நாளில் விற்றுத் தீர்ந்துவிடப் போவதில்லை. பாதி வந்தாலும் கடையை நிரப்பலாம். “சரி, பாதிய நேரத்துக்குக் கொண்டா. மீதிக்கு நேரம் பிந்தினா வெலையில கொறப்பேன்” என்றார். குறைத்தும்விட்டார். சிசிலி அந்த நட்டத்தைத் தாங்கிக்கொண்டாள். மறுவாரமே ராசம்மாவை அழைத்து, யார் நன்றாகப் பின்னுவார்கள் என்று கேட்டு, அவள் சொன்ன இரண்டு பேரைச் சேர்த்தாள். ராசம்மாவிடம் மன்னிப்பு என்று வாய்விட்டுக் கேட்டாளா தெரியாது. ஆனால் அதற்குப்பிறகு ஓடர் எடுக்கும்முன் எத்தனை நாளில் முடியும் என்று ராசம்மாவைக் கேட்காமல் அவள் யாருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை.

ராசம்மாவுக்கு இரண்டாவது பிள்ளை வந்தபோது பேறுகால லீவும் அதற்கான சம்பளமும் கொடுத்தாள். ராசம்மாவின் மாமியாருக்கு நம்பிக்கை வரவில்லை. தோட்டத்தில் பேர் பதிந்தவளுக்குத்தான் பிள்ளைக்காசு கிடைக்கும் என்பது அவர் எண்ணம். சிசிலி தானே லயத்துக்குப் போய், பிள்ளைக்கு ஒரு மஞ்சள் குல்லாவும் போட்டுவிட்டு, காசை மாமியார் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தாள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டுச் சாமான் வருவதை அரசாங்கம் கட்டுப்படுத்தியது. சீமைச் சுவெட்டர் கடைகளில் இல்லாமல் போனது. எல்லோருக்கும் உள்ளூர்ச் சுவெட்டர் வேண்டியிருந்தது. ஆனால் நூலும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். அதற்கும் பங்கு வைத்தார்கள். பெரிய இடங்களுக்குப் போனது போக, மலை நாட்டுச் சின்ன மெஷின்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. சில நாள் மெஷின்கள் சும்மா நின்றன. சிசிலி அரைச் சம்பளமாவது கொடுக்காமல் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆனால் அதை எத்தனை வாரம் இழுக்க முடியும்?

மலைப்பகுதியில் மெஷின் வாங்கிய மற்றவர்கள் யார் யார் என்று ஏக்கநாயக்கவிடம் கேட்டாள். கினிகத்தேனையில் இரண்டு சிங்களப் பெண்கள், நானுஓயாவில் ஒருவர், தலவாக்கலையில் ஒரு முஸ்லிம் குடும்பம். ஒவ்வொரு வீடாகப் போனாள். எல்லோர் வீட்டு மெஷினும் நூலில்லாமல்தான் கிடந்தது. தனித்தனியே மனுப் போட்டு அலுத்தவர்கள், ஒன்றாகப் போகலாம் என்றதும் சம்மதித்தார்கள்.

ஒரு காலை நுவரெலியாக் கச்சேரியில், அந்த மாவட்டத்து அரசாங்க அலுவலகத்தில், எல்லோரும் கூடினார்கள். ராசம்மாவையும் சிசிலி கூட்டி வந்திருந்தாள். அதிகாரி, பங்கு ஏற்கனவே முடிந்துவிட்டது, அடுத்த முறை பார்க்கலாம் என்றார்.

சிசிலி சிங்களத்தில் சொன்னாள்: “மெஷின் தந்தது அரசாங்கம். தவணை கேட்பதும் அரசாங்கம். நூல் இல்லாமல் மெஷினை வைத்துத் தவணை எப்படிக் கட்டுவது? நூல் தாருங்கள், இல்லாவிட்டால் மெஷினைத் திரும்ப எடுத்துக்கொண்டு எங்களை விட்டுவிடுங்கள்.”

கினிகத்தேனைப் பெண் ஒருத்தி, “எங்கள் மெஷினையும்” என்றாள். நானுஓயாக்காரரும் எழுந்து நின்றார். அதிகாரி ஏக்கநாயக்கவைப் பார்த்தார். ஏக்கநாயக்க கோப்பைப் பிரித்துக்கொண்டே, இவர்களில் யாரும் தவணை பிந்தியதில்லை என்றார் மெதுவாக. அதிகாரி உள்ளே போய்க் கொழும்புக்குத் தொலைபேசியில் பேசினார். வெகு நேரம் பேசினார். வெளியே வந்தபோது, சின்ன மெஷின்காரர்களுக்கென்று தனியாக ஒரு பங்கு கேட்டிருப்பதாகவும், இந்த மாதத்துக்கு ஓரளவு நூலை உடனே விடுவிப்பதாகவும் சொன்னார். கேட்டது முழுவதும் அந்த மாதத்தில் வரவில்லை. ஆனால் அடுத்த மாதத்திலிருந்து தவறாமல் வந்தது.

அன்று பின்னேரம் கிடைத்த நூல் மூட்டையோடு நானுஓயா ஸ்டேஷனுக்கு வந்து ரயிலுக்குக் காத்திருந்தார்கள். பனி இறங்கிக்கொண்டிருந்தது. ராசம்மா மூட்டையின் வாயைப் பிரித்து நூலைத் தொட்டுப் பார்த்தாள்.

“நல்ல நூல்க்கா. செவப்பு நெறைய இருக்கு. கிறிஸ்மஸுக்கு ஓடும்.”

“எத்தன நாள் வேல இதுல?” என்றாள் சிசிலி.

ராசம்மா விரலில் கணக்குப் போட ஆரம்பித்தாள்.